இரண்டரை ஆண்டுகளாக ஒரே இயர்போன்

2023 ஜூன் மாதம் 1,750 ரூபாய்க்கு வாங்கிய கம்பி இயர்போன் இது. இன்றும் நாளுக்கு ஐந்து மணி நேரம் என் காதில் இருக்கிறது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் ஆறு இயர்போன்கள் வந்து போய்விட்டன. ஆறின் விலையையும் கூட்டினால் நாலாயிரத்தைத் தாண்டும். நான் வாங்கிய மாடல் இப்போது விற்பனையில் இல்லை, அதன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். இந்த விலையில் வாங்குகிறவர் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்ல இருப்பது.

பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் வடிப்பது என் வேலை. ஒருமுறை கடலோரக் கிராமத்துப் பாட்டி ஒருவரின் பேச்சை வடித்துக்கொண்டிருந்தேன். புயலுக்குப் பிந்தைய வருஷத்தை எப்படிக் கடத்தினார்கள் என்று சொல்கிறார். 'வலையை விற்றுத்தான் சாப்பிட்டோம்' என்று எழுதிவைத்தேன். மீனவக் குடும்பம் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதிய இயர்போன் வந்த வாரம் அதே பதிவைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பாட்டி சொன்னது 'வளையை'. நாக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடுவது அப்படியே கேட்டது. மூன்று முறை திரும்பக் கேட்டுவிட்டுத் திருத்தினேன். வலையை விற்ற குடும்பம் தொழிலை விட்ட குடும்பம். கை வளையை விற்ற குடும்பமோ தொழிலை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பம். ஓர் எழுத்தில் ஒரு பெண்ணின் கதையையே மாற்றி எழுதியிருந்தேன்.

ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. என் பழைய இயர்போனில் பேஸ் என்கிற கீழ்ஸ்தாயி ஒலி கொழுத்துப்போய் அந்தப் பகுதியை மூடிவிட்டது. வெறும் காதால் கேட்கும்போது, நம் காதுக் குழாயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைச் சற்று உயர்த்திக் கொடுக்கும். குழாயின் வாயை இயர்போன் அடைத்துவிடுவதால் அந்த உயர்வை இயர்போன்தான் ஈடுகட்ட வேண்டும். குறைவாக ஈடுகட்டினால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். அளவு மீறினால் ச, ஸ, ஷ எல்லாம் ஊசியாகக் குத்தும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் '20 – 20,000 ஹெர்ட்ஸ்' என்ற வரி இதைப் பற்றி எதுவும் சொல்லாது. உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் சொல்லாது.

எனவே நான் கடையில் முதலில் கேட்பது பேச்சைத்தான். நன்றாகப் பழகிய ஒரு குரல், செய்தி வாசிப்பானாலும் போதும். அடுத்தது மிருதங்கம். தொப்பி எனப்படும் இடது பக்கத்தில் கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி, சுருதியில் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். நல்ல இயர்போனில் அந்த வழுக்கலைப் பின்தொடர முடியும். பேஸ் வீங்கிய இயர்போனில் வெறும் 'தும்' மட்டும் கேட்கும், ஏற்றம் தொலைந்துவிடும். மூன்றாவது தம்புரா. தந்திக்கும் அதைத் தாங்கும் பாலத்துக்கும் இடையே வைக்கும் பஞ்சு நூலால் எழும் ரீங்காரம் மணல் மாதிரி சொரசொரப்பாக இல்லாமல் இழையாக நீள வேண்டும். என் இயர்போன் முதல் இரண்டிலும் நன்றாகத் தேறியது. தம்புராவில் மட்டும் மேல்பகுதி கொஞ்சம் மெலிவு. இந்த விலைக்கு அதை நான் குறையாக வைக்கமாட்டேன்.

இத்தனையும் செல்லுபடியாக வேண்டுமானால் ரப்பர் முனை காதில் சரியாக அடைத்திருக்க வேண்டும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் மூன்று நாட்கள் இதே இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பேஸ் இல்லை, தகர டப்பாவில் தட்டுவது போலிருந்தது. பிறகுதான் புரிந்தது, என் இடது காதுக் குழாய் வலதைவிட அகலம். இடதுக்குப் பெரிய ரப்பர், வலதுக்கு நடுத்தர ரப்பர் என்று மாற்றிய அந்த நிமிடமே மிருதங்கத்துக்கு உடம்பு வந்துவிட்டது. இடைவெளி மயிரிழை அளவு இருந்தாலும் கீழ்ஸ்தாயி ஒலி கசிந்து ஓடிவிடும். சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வாயை மூடி 'ம்ம்' என்று இழுங்கள். தலைக்குள் இரு பக்கமும் ஒரே அளவில் முழங்கினால் அடைப்பு சரி. ஒரு பக்கம் சோகையாகக் கேட்டால் அந்தப் பக்கத்து ரப்பரை மாற்றுங்கள்.

நன்றாக அடைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போகிறேன். முன்பெல்லாம் ரயில் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவேன். இப்போது பாதியில் வைத்தால் போதும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கும் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. காதை வைத்துப் பிழைக்கும் நான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நடைமேடையில் இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். தண்டவாளத்தை ஒட்டிய இடத்தில் காதை அடைத்துக்கொண்டு நடக்கவே கூடாது.

இனி கட்டுமானம். முந்தைய ஆறில் நான்கு, பிளக் ஓரத்தில் கம்பி முறிந்து செத்தவை. ஒன்றைச் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோய்ப் பிளக்கை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். அங்கிருந்த பெரியவர் கம்பியைப் பிரித்துக் காட்டினார். தலைமயிரைவிட மெல்லிய செப்பிழைகள், ஒவ்வொன்றின் மேலும் வார்னிஷ் பூச்சு, நடுவே வலுவுக்கு ஒரு நூல். "இந்தப் பூச்சை எரித்தால்தான் ஈயம் பிடிக்கும் சார், கொஞ்சம் கூடினால் இழையே போய்விடும்" என்றார். அவர் பொறுமையாகத்தான் செய்தார். இருந்தும் மூன்று வாரத்தில் அடுத்த அங்குலத்தில் அதே இழை முறிந்தது. அன்றைக்கு எடுத்த முடிவுதான், கேபிளைக் கழற்றி மாற்ற முடியாத இயர்போனை இனி வாங்குவதில்லை என்பது.

இப்போதைய இயர்போனில் கேபிள் இரண்டு பின்களில் செருகப்படுகிறது, 0.78 மில்லிமீட்டர் அளவு. முதல் கேபிள் பதினான்கு மாதம் உழைத்தது. காதைச் சுற்றி வளையும் இடத்தில் வியர்வை பட்டுப் பட்டுப் பச்சை பூத்து, பிறகு விறைத்துப்போனது. 350 ரூபாய்க்குப் புதியது வாங்கி மாட்டினேன். மாட்டியதும் பேசுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் தலைக்குப் பின்னால் சிதறியது. ஒரு பக்கத்துப் பின்களைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். இரண்டு பக்கமும் எதிரெதிராக அதிர்ந்தால் இப்படித்தான் கேட்கும். திருப்பிச் செருகியதும் குரல் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. கழற்றும்போது ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும். ஆட்டினால் துளை தளர்ந்துவிடும்.

சென்ற மார்ச்சில் இடது பக்கம் மெலிந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். கேபிளின் இடது, வலது முனைகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகிப் பார்த்தேன். மெலிவு அப்போதும் காதில் மாட்டும் அதே இடது கூட்டில்தான் இருந்தது. எனவே கேபிள் மேல் குற்றமில்லை. ரப்பரைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், ஒலி வரும் வாயை மூடிய சல்லடையின் கண்களில் பாதி காதுக் குறும்பியால் மெழுகியிருக்கிறது. இயர்போனின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பல் துலக்கியால் தேய்த்ததில் பழைய ஒலி திரும்பியது. ஊசியால் குத்தவோ தண்ணீர் விடவோ கூடாது, உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுப்போகும். இப்போது மாதம் ஒருமுறை துடைத்துவிடுகிறேன்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டிய இன்னொன்று, ரப்பரைப் பிடித்துவைக்கும் விளிம்பு. முன்பு என்னிடம் இருந்த ஒன்றில் அது வழவழவென்று இருந்தது. ஒருநாள் கழற்றும்போது ரப்பர் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது, மருத்துவரிடம் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. விரல் நகத்தால் தடவினால் வரம்பு தட்டுப்பட வேண்டும்.

என் இயர்போனின் கூடு பிசினால் ஆனது. இரண்டு பாதிகளை ஒட்டிய கோட்டில் இன்னும் பிளவு இல்லை. முகப்பின் பளபளப்பு போய்விட்டது. மைக் தொடக்கத்திலிருந்தே சுமார்தான். காற்று அடித்தால் எதிர்முனைக்கு என் பேச்சு விளங்குவதில்லை. மைக்கும் பொத்தானும் இருக்கும் இடத்தில்தான் இரண்டாவது கேபிளும் இப்போது தளரத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கேபிளை மைக் இல்லாததாகப் பார்த்து வாங்கப்போகிறேன். பெரிய ரப்பர் ஒன்றும் நடுத்தரம் ஒன்றும் கூடவே வாங்க வேண்டும்.