பொடி வைத்துப் பற்றவைத்த ரூபாயை அச்சுப்பிழை என்று வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் கண்டியில் பழைய காசு விற்கிற ஒருவரிடம், அடிக்கும்போதே அச்சில் பிழை விழுந்த அபூர்வக் காசு என்று நம்பி 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஹட்டன் பக்கம் காசு சேர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வாங்கியது 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். காசு போலியில்லை, நான் விழுந்ததே அதனால்தான். தராசில் வைத்துக் காட்டினார், 11.7 கிராம். இருக்க வேண்டியது 11.66. சரி, நல்ல காசு என்று மனது இளகிவிட்டது. அப்புறம்தான் கதை ஆரம்பித்தது. கிரீடத்துக்கு மேலே விளிம்பில் ஒரு சின்ன மேடு. "அச்சு உடைஞ்சு உலோகம் பிதுங்கியிருக்கு தம்பி, லட்சத்தில ஒண்ணு" என்றார். பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் புள்ளி இல்லை, அதுவும் பிழையாம்.

புள்ளி பம்பாயில் அடித்த காசுக்குத்தான் உண்டு. கல்கத்தாவில் அடித்ததற்கு எந்தக் குறியும் கிடையாது. 1918இல் இரண்டு இடத்திலும் அடித்துத் தள்ளினார்கள். இதுகூடத் தெரியாமல் தலையாட்டியிருக்கிறேன்.

மேட்டின் கதையை அவிழ்த்தது அப்பாயி, என் அப்பாவின் அம்மா. கண்ணாடிகூடப் போடவில்லை. நகத்தால் ஒரு தடவு தடவிவிட்டு, "இது கழுத்துல கெடந்த காசுடா. வளையத்தப் புடுங்கிட்டு ராவியிருக்கானுவ" என்றார். அந்தக் காலத்தில் இங்கேயும் இந்திய வெள்ளி ரூபாய்தான் புழக்கம். தோட்டத்துப் பெண்கள் அதில் வளையம் வைத்துக் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். நம் பக்கம் கிடைக்கிற காசில் இப்படி மேடு இருந்தால் முதலில் ஆசாரியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேடு லேசாக மஞ்சளடித்தது. ஆசாரி வளையத்தைப் பற்றவைத்த பொடி உருகி விளிம்பு வரிகளில் மூன்றை அடைத்திருந்தது. பக்கத்தில் அரம் பட்ட கீறல்கள். அச்சு உடைந்து வந்த மேடு என்றால் காசின் அதே உலோகம், அதே நிறம், எழுத்தையும் விழுங்கியிருக்கும். அடிக்கும்போது உலோகம் அச்சு உடைந்த பள்ளத்துக்குள் போய்விடுவதால் நேர் மறுபக்கம் மங்கலாக விழும். என் காசில் மறுபக்கம் பளிச்சென்று இருக்கிறது. கோடுகளும் அப்படித்தான்: அச்சு விரிசல் காசில் மேடாக நிற்கும், நகத்துக்குப் பள்ளமாகத் தட்டுப்பட்டால் அது வெறும் கீறல்.

திரும்பப் போய்க் கேட்டேன். விற்றதை எடுப்பதில்லை என்றார். பில்லும் நான் வாங்கியிருக்கவில்லை. ஹட்டனில் ஒரு நகைக்கடையில் வெள்ளி விலைதான் தருவார்களாம், அதிலும் பொடிக்குக் கழிவு பிடித்துக்கொண்டு.

விற்கவில்லை. அப்பாயி அதற்கு மறுபடியும் வளையம் வைத்துத் தரச் சொல்கிறார்.