பாலோஸ் கடற்கரைக்கு வாடகைக் காரில் போகிறவர்கள் கவனத்திற்கு

கிரேக்கத்தின் கிரீட் தீவில், வடமேற்கு ஓரத்திலுள்ள பாலோஸ் கடற்கரைக்கு வாடகைக் காரில் போக நினைப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எங்களுக்கு நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஹானியா நகரில் கார் எடுத்தபோதே பாலோஸ் போகப்போவதாகச் சொல்லிவிட்டோம். அங்கிருந்தவர் வரைபடத்தை விரித்து, கிஸ்ஸமோஸ், கலிவியானி என்று பேனாவால் வழியைக் கோடிட்டுக் காட்டியதோடு, நாளொன்றுக்கு 18 யூரோ கூடுதலாகக் கட்டினால் 'முழுக் காப்பீடு' கிடைக்கும், எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்று உறுதியும் கூறினார். நம்பிக் கட்டினோம்.

கலிவியானியைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. பிறகு ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலை நோக்கி இறங்கும் சரிவுமாக, கூரான கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் மண்பாதைதான். மெதுவாகத்தான் ஓட்டினோம். ஆனாலும் வண்டி நிறுத்துமிடத்தை நெருங்கும்போது ஒரு கல் முன்சக்கர டயரின் பக்கவாட்டை விரல் நுழையும் அளவுக்குக் கிழித்துவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை; காற்றடிக்கும் சிறு பம்பும் ஓட்டை அடைக்கும் திரவப் புட்டியும் மட்டுமே இருந்தன. பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அந்தத் திரவம் உதவாது. கார்களின் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடந்த அந்தப் பொட்டல்வெளியில், மீட்பு வண்டி வரும்வரை குழந்தைகளோடு ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். கடற்கரைக்கு இறங்கும் நடைபாதையில் காலே வைக்கவில்லை.

திரும்பிவந்ததும் டயர், மீட்பு வண்டி, கார் ஓடாத நாட்கள் என்று கணக்குப் போட்டு, கிரெடிட் கார்டில் நிறுத்திவைத்திருந்த முன்பணத்திலிருந்து 610 யூரோவை எடுத்துக்கொண்டார்கள். டயர், வண்டியின் அடிப்பாகம், தார் போடாத சாலையில் நேரும் எந்தச் சேதமும் காப்பீட்டில் சேராது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படிக்காதது எங்கள் தவறுதான். ஆனால் போகுமிடம் தெரிந்தே காப்பீட்டை விற்றவர், "வழியைத்தான் காட்டினேன், அதில் ஓட்டச் சொல்லவில்லையே" என்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, பாலோஸ் மண்பாதைக்குக் காப்பீடு உண்டா என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லையென்றால் கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து கோடைக்காலத்தில் புறப்படும் படகில் போய்விடலாம். வெனீசியர் கட்டிய கிராம்வூசா கோட்டையையும் வழியில் காணலாம்.

பேனாக்கோடு போட்ட அந்த வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வங்கியில் கொடுத்திருக்கும் புகாரில் அதன் நகலையும் இணைத்திருக்கிறேன்.