செராமிக் கோட்டிங்: பூசும் முன் நடக்காத வேலைக்கும் பணம் வாங்குகிறார்கள்

கார் பெயிண்டைப் பாதுகாக்க செராமிக் கோட்டிங் போடலாமா என்று யோசிப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டிங்கில் பயன் உண்டு என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் அதைப் பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமலேயே, செய்ததாகச் சொல்லி ஒரு கடை என்னிடம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டது.

என்னுடையது கறுப்பு நிறக் கார். சில ஆண்டுகள் ஓடியதில், கழுவித் துடைக்கும்போது விழும் நுண்ணிய வட்டக் கீறல்கள், அதாவது தொழிலில் இருப்பவர்கள் ஸ்வர்ல் மார்க் என்று சொல்பவை, போனட் முழுவதும் படர்ந்திருந்தன. ஓட்டுநர் பக்கக் கதவில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, தூண்டில் முள்ளைப் போல வளைந்த ஒரு கீறலும் இருந்தது. வண்டியை விடுவதற்கு முன் இவை எல்லாவற்றையும் வெயிலில் படம் எடுத்து வைத்திருந்தேன். மெஷின் பாலிஷ் மூலம் கீறல்களை முழுவதும் நீக்கிவிட்டு, அதன் மேல் 9எச் கடினத்தன்மை கொண்ட கோட்டிங் பூசி, ஐந்து ஆண்டு வாரண்டியும் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். காலையில் வாங்கிக்கொண்ட வண்டியை அன்று மாலையே ஒப்படைத்தார்கள். கடை விளக்கு வெளிச்சத்தில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு இருந்தது. கதவில் இருந்த அந்தக் கீறலும் காணவில்லை.

சில முறை கழுவிய பிறகு அது திரும்பி வந்தது. அதே கதவில், அதே இடத்தில், அதே வளைவுடன் இருந்ததைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். வெயிலில் நிறுத்திப் பார்த்தால், போனட்டில் நாம் நகர நகரக் கூடவே நகரும் மங்கலான ஒளிக்கோடுகள் தெரிந்தன; சுழல் மெஷினை முரட்டுத்தனமாக ஓட்டிவிட்டு, அடுத்த கட்ட மென்மையான பாலிஷைச் செய்யாமல் விட்டால்தான் இந்த ஹோலோகிராம் கோடுகள் விழும். போனட்டின் ஒரு ஓரத்தில், பூசிய திரவத்தை உரிய நேரத்தில் துடைத்துச் சமப்படுத்தாததால், எண்ணெய் படிந்ததைப் போன்ற கருந்திட்டு ஒன்று அப்படியே இறுகிப் போயிருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளின் இடுக்கில் பாலிஷ் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்ததைக்கூட அவர்கள் துடைக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். கீறலை உண்மையாக நீக்குவது என்றால், அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்தின் மேல் இருக்கும் நிறமற்ற பாதுகாப்பு அடுக்கை, மெல்லத் தேய்த்து மட்டப்படுத்துவது என்று பொருள். அதற்கு முன் வண்டியைக் கழுவி, பிரேக்கிலிருந்து வந்து படிந்த இரும்புத் துகள்களை அதற்கான திரவத்தால் கரைத்து, மீதமுள்ள அழுக்கை க்ளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால் எடுக்க வேண்டும். பாலிஷ் முடிந்ததும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை முழுவதும் போகும்படி துடைத்த பிறகே கோட்டிங் பூச வேண்டும். இத்தனையும் ஒரு பகலில் முடிகிற வேலையே இல்லை. இதைத் தவிர்க்க நினைக்கும் கடைக்காரர்கள், எண்ணெயும் நிரப்பிப் பொருள்களும் கலந்த கிளேஸ் என்னும் பூச்சைத் தேய்த்துவிடுகிறார்கள். அது கீறலின் பள்ளத்தை நிரப்பிச் சில வாரங்களுக்குக் கண்ணை மறைக்கும். அதன் மேல் பூசப்படும் கோட்டிங் பெயிண்டைப் பற்றிக்கொள்ள வழியில்லை. என் போனட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது முதல் சில கழுவல்களோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம்.

அந்த 9எச் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டிங் வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்டது என்று என்னிடம் சொன்னார்கள். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்பதால், 9 என்ற எண்ணைக் கேட்பவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் 9எச் என்பது பென்சில் சோதனையின் அளவு. பூச்சின் மீது வெவ்வேறு கடினம் கொண்ட பென்சில் முனைகளை அழுத்தி இழுத்து, எதற்குக் கீறல் விழவில்லை என்று பார்ப்பார்கள். அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சிலின் பெயர்தான் 9எச். சாலையில் தெறிக்கும் கல்லும், கதவோரம் உரசும் சாவியும் அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் இருக்கும். அதன் மேல் இறுகும் கோட்டிங் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். கல்லடியைத் தாங்க வேண்டுமானால் அதற்கு 150 மைக்ரானுக்கு மேல் கனமுள்ள பி.பி.எஃப். என்னும் பெயிண்ட் பாதுகாப்பு பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டும். அது வேறு பொருள், வேறு செலவு.

சரியாகப் பூசிய கோட்டிங் தருவது என்ன என்றால், அழுக்கு இறுகப் பிடிக்காது, கழுவுவது எளிதாகும், நிறத்தின் ஆழம் கூடும், பறவை எச்சம் கிளியர் கோட்டை அரிப்பதற்குள் துடைத்துவிடச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், கோட்டிங் போட்ட வண்டியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழத்தான் செய்யும். இவ்வளவு போதும் என்பவர்களுக்கு அது தகும். கழுவும் வேலையே வேண்டாம் என்று நினைத்துப் போடுபவர்களுக்கு அது வீண் செலவு.

நான் புகாருடன் போனபோது, வாரண்டிச் சீட்டின் பின்பக்கத்தை எடுத்துக் காட்டினார்கள். கீறல், கறை, தண்ணீர்ப் புள்ளி, கல்லடி எதற்கும் வாரண்டி இல்லை என்றும், குறிப்பிட்ட இடைவெளியில் அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிப்பு செய்திருந்தால்தான் மற்றவை செல்லும் என்றும் அதில் பொடி எழுத்தில் இருந்தது. பணம் வாங்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் காட்டவில்லை, சீட்டையே வண்டியோடுதான் கொடுத்தார்கள். பழைய படங்களைக் காட்டியதும், நான் கழுவிய விதத்தால்தான் கீறல் விழுந்தது என்று கூசாமல் சொன்னார்கள்.

எனவே, வாரண்டிச் சீட்டை முன்பணத்துக்கு முன்பே வாங்கி இரு பக்கமும் படியுங்கள். பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டு, பாலிஷுக்கு முன்னும் பின்னும் அளவுகளைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் அளக்காது, உலோகப் பாகங்களில் அளக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாலிஷ் முடிந்து, ஆல்கஹால் கலவையால் துடைத்த பிறகு, கோட்டிங் பூசத் தொடங்கும் முன் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்பதை வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். டார்ச் வெளிச்சத்தை நேராக அடித்துப் பாருங்கள். அந்த நிலையில் கிளேஸால் எதையும் மறைக்க முடியாது.

கடைசியாக, மேலே இன்னொரு அடுக்கு இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். நான் மறுத்துவிட்டேன். உங்களுக்கும் அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோட்டிங் ஒளி ஊடுருவும் பூச்சு என்பதால், அடியில் உள்ள கீறல் அப்படியே தெரியும், பிறகு அதை எடுக்க அந்த அடுக்கையும் சேர்த்துத் தேய்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கிளியர் கோட் குறைகிறது, அது மறுபடி வளரப்போவதில்லை. செய்யாத பாலிஷ் வேலைக்கான தொகையைத் திருப்பித் தரும்படி, படங்களை இணைத்து எழுத்துமூலமாகக் கேட்டிருக்கிறேன்.