ஜன்னலோரமா, இருட்டறையா, கிழங்குப் பெட்டியா? குளிர்காலத்தில் வெப்பநாட்டுப் பூச்செடிகள்

உறைபனி விழும் இடத்தில் செம்பருத்தியும் டாலியாவும் வளர்ப்பவர்கள், இலையுதிர் காலம் வந்ததும் செய்யும் முதல் வேலை எல்லாத் தொட்டிகளையும் வீட்டுக்குள் தூக்கிவந்து ஜன்னலோரம் அடுக்குவதுதான். பார்க்க அக்கறையாகத் தெரியும். ஆனால் பாதிச் செடிகளுக்கு அது தண்டனை. அவற்றுக்கு வேண்டியது வெயில் இல்லை, தூக்கம்.

ஜன்னல் வைத்தியம் உண்மையில் பொருந்துவது செம்பருத்தி மாதிரி, ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும் செடிகளுக்கு. இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். வந்தவுடன் கொஞ்சம் இலை கொட்டும், வெளிச்சம் குறைந்ததால். இங்கேதான் பலரும் பதறிப்போய்க் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி வேரை அழுக விடுகிறார்கள். அப்புறம் சிலந்திப்பேன். ஹீட்டர் ஓடும் அறையின் வறண்ட காற்று என்றால் அதற்குக் கொண்டாட்டம். இலையில் ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள், திருப்பிப் பார்த்தால் காம்போரத்தில் மெல்லிய நூலாம்படை. வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் பெருமளவு அடங்கும். குளிர்காலத்தைக் கடத்தும் வழிகளில் அதிக வேலை வாங்குவது இதுதான்.

காகிதப்பூ, புளுமேரியா (ஈழத்தலரி), எக்காளம் போலத் தொங்கும் பூ விடும் பிரக்மான்சியா மூன்றையும் நான் ஜன்னல் பக்கமே கொண்டுபோக மாட்டேன். இலையை உதிர்த்துவிட்டு, உறையாத, குளிர்ந்த இருட்டறையில் இவை தூங்கிவிடும். காகிதப்பூவுக்கும் பிரக்மான்சியாவுக்கும் 5 முதல் 10 டிகிரி போதும். புளுமேரியாவுக்கு 10-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மண் எலும்பாகக் காயாத அளவுக்கு எப்போதாவது கொஞ்சம் தண்ணீர், புளுமேரியாவுக்கு அதுவும் அநேகமாக வேண்டாம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் அதன் தண்டு உள்ளிருந்தே அழுகும். ஒரு நிபந்தனை: இருட்டு என்றால் குளிர்ச்சியும் வேண்டும். அறை இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தால், செடி வெளுத்த நீளத் துளிர்களை விட்டு, சேமித்து வைத்திருந்ததையெல்லாம் செலவழித்துவிடும்.

பிரக்மான்சியாவை உள்ளே கொண்டுபோக வெட்டுவதாக இருந்தால், தண்டு முதலில் இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு மேலேயே வெட்டுங்கள். பூ வருவது அதற்கு மேலேதான். கீழே வெட்டினால் மறுபடி அந்த உயரம் வளர்ந்து, கவட்டை விட்ட பிறகே பூக்கும். செடி முழுக்க விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிழங்குச் செடிகள்தான் இருப்பதிலேயே சமர்த்து. முதல் உறைபனியில் டாலியாவின் இலைகள் கறுத்துச் சுருண்டதும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, சற்றுத் தள்ளி மண்ணை நெம்பிக் கொத்தாக எடுக்க வேண்டும். முளைக்கண் இருப்பது கிழங்கில் இல்லை, தண்டடியோடு ஒட்டிய கழுத்துப் பகுதியில். அவசரத்தில் இழுத்துக் கழுத்து ஒடிந்துவிட்டால், கிழங்கு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் முளைக்காது. சில நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மரச்சீவலிலோ வெர்மிகுலைட் என்ற இலகுவான கனிமத் துகளிலோ புதைத்து 4 முதல் 10 டிகிரியில் வைத்தால் போதும். கல்வாழைக் கிழங்கையும் இப்படியே வைக்கலாம். அதை மட்டும் முழுக்கக் காயவிடாமல் லேசான ஈரத்தில் வையுங்கள். அவ்வப்போது பெட்டியைத் திறந்து, மெத்தென்று ஆனதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

குளிர் லேசாக இருக்கும் இடங்களில் இவற்றைத் தோண்டாமல் மேலே தடிமனாக மூடாக்கு போட்டுவிடுவதும் உண்டு. மண் நன்றாக வடியும் என்றால் சரி. களிமண் என்றால் தோண்டிவிடுவதே மேல்.

இடமே இல்லாதவர்களுக்கு ஜெரேனியம், பியூஷியா, கோலியஸ் எல்லாம் கோடை முடியும்போது கிள்ளி நட்ட குச்சியிலேயே வந்துவிடும். தாய்ச்செடியின் முற்றிய அடிமரம் மட்டும் கிடைக்காது.

வசந்தத்தில் இருட்டறைச் செடிகள் எழுந்திருக்க நேரமாகும், புளுமேரியா குறிப்பாக. செத்துவிட்டது என்று எறியும் முன் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. துளிர் எட்டிப் பார்க்கும்வரை தண்ணீரை மட்டும் அள்ளி ஊற்றாதீர்கள். வெளியே வைக்கும்போதும் ஒரு வாரம் பத்து நாள் நிழலில் பழக்கிய பிறகே நேர்வெயில்.