கல்லடிக் கடற்காத்துல எட்டு வருசம்: மகிட்டா எச்.ஆர். 2470

ஆரையம்பதிக்கும் மட்டக்களப்பு டவுனுக்கும் இடையில வயரிங், ஏசி, தண்ணி மோட்டர் வேலை செய்யிறன். எட்டு வருசமா என்ட பையில மாறாமக் கிடக்கிற மெசின் இந்த மகிட்டா, அடிச்சடிச்சு கொங்கிறீட்டுல ஓட்டை போடுற ஹாமர் றில்.

780 வாட்ஸ், ஒரு குத்துக்கு 2.4 ஜூல் பலம், கொங்கிறீட்டுல 24 மில்லிமீற்றர் ஓட்டை வரைக்கும் போடலாம். ஏசி பிறக்கட்டுக்கு 10, 12 போதும். நான் இதை விடாம வச்சிருக்கிறதுக்குக் காரணம் வேற. பழைய பீமுல ஓட்டை போடக்குள்ள பிற் (துளைக்கிற ஊசி) போய்க் கம்பியில இறுகினா, உள்ளுக்க கிளச் நழுவிக் கொடுக்கும். கை முறுகாது. முந்தி விலைக் குறைவா ஒண்டு வாங்கி வச்சிருந்தன். ஏணியில நிண்டு ஃபேன் கொக்கிக்கு ஓட்டை போட்ட நேரம் பிற் இறுக, மெசினே சுத்தி என்ட மணிக்கட்டைப் பிரட்டிப்போட்டு. மூணு கிழமை வேலை இல்ல. நீங்க எந்தப் பிராண்ட் எடுத்தாலும், கிளச் இருக்கா எண்டு முதல்ல கேளுங்க.

அந்தப் பழைய மெசினுக்குக் காபன் (மோட்டருக்குக் கரண்ட் குடுக்கிற, தேயிற சோடிக் கட்டை) டவுனில இல்ல. கொழும்பில இருந்து வர ஒன்பது நாள் எண்டாங்க. பொறுக்க ஏலாம வேற காபனை உரசிப் போட்டன், ஆமேச்சர் (மோட்டருக்குள்ள சுத்துற பகுதி) கருகிட்டு. மகிட்டாவுக்கு இதுவரை மூணு தரம் காபன் மாத்தினன், மூணு தரமும் அண்டைக்கே கிடைச்சிது. ஒண்டு மட்டும் தேய்ஞ்சிருந்தாலும் சோடியாத்தான் மாத்தோணும்.

என்ட கூட்டாளி மேசன் ஒராள் பொஷ் 2-26 தான் பாவிக்கிறார். குத்து 2.7 ஜூல். சுவர் உடைக்கிற ஆளுக்கு அது திறம், நானும் ஒத்துக்கொள்ளுறன். பொஷ்ஷில நீலம் தொழிலுக்கு, பச்சை வீட்டுப் பாவனைக்கு. பச்சையை வாங்கி நாள் முழுக்க மாடாட்டம் வேலை வாங்காதீங்க. ஓடாவிமார் (மரவேலைக்காரர்) மகிட்டா 18 வோல்ட் பற்றரி மெசினுகளத்தான் தேடுறாங்க. ஒரே பற்றரி றில்லுக்கும் வாளுக்கும் போகும், கரண்ட் இழுக்காத புது வீட்டுலயும் வேலை நடக்கும்.

கடற்கரையில வேலை எண்டா உப்பும் குருமணலும் மெசினுக்குள்ள போகும். பின்னேரம் நல்லா ஊதித் துடைச்சி, பிற்றில மெசினுக்குள்ள போற பக்கத்துல கொஞ்சம் கிறீஸ் தடவித்தான் வைப்பன். எட்டு வருசம் ஓடினதுல பாதி அந்தப் பத்து நிமிசத்தால.

கட்டார்ல இருந்து சொந்தக்காரர் கொண்டுவாற மெசின் 240 வோல்ட், இங்க பயமில்லாம ஓடும். ஜப்பான்ல பாவிச்சு வாற பழையதுகள் 100 வோல்ட். பெயர் மகிட்டாதான், நம்ம 230ல நேர குத்தினா புகைதான் வரும். காசு குடுக்க முதல் பக்கத்தில ஒட்டியிருக்கிற தகட்டை வாசிச்சுப் பாருங்க.