ஷினோன் சிவப்பு வைனும் சரக்குக் கறியும்

பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் வைன் போத்தல்களில் போர்தோப் பகுதி வைனே மிகுதி. ஷினோன் அரிதாகவே கண்ணில் படுகிறது. பிரான்ஸின் லுவார் ஆற்றில் கலக்கும் வியென் ஆற்றின் கரைகளில் விளையும் கபெர்னே பிராங் திராட்சையிலிருந்து செய்யப்படும் வைன் இது. புகழ்பெற்ற கபெர்னே சோவிஞோன் திராட்சை, இத்திராட்சைக்கும் சோவிஞோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது என்பதை 1997இல் மரபணுச் சோதனை உறுதிப்படுத்தியது. பிள்ளையின் முரட்டுத்தனம் பெற்றோரிடம் இல்லை.

நான் சுவைத்தது 2020ஆம் ஆண்டு அறுவடையின் வைன். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் பழவாசனைக்கு முன்னர் எட்டுவது நறுக்கிய கறிமிளகாயின் பச்சை வாசனை. மிளகாய் இனத்துக்கு அவ்வாசனையைத் தரும் பைரசீன் சேர்மங்கள் இத்திராட்சையிலும் இருப்பதே அதற்குக் காரணம். சிறிது நேரம் காற்றுப்பட விட்டால் அந்தப் பச்சை அடங்கி, இறைப்பு முடிந்த தோட்டத்துச் செம்மண்ணைப் போன்ற ஈர வாசனை மேலெழுகிறது. வாயில் புளிப்பு முன்னிற்கிறது, துவர்ப்பு மென்மையானது. ஆனால் 14 முதல் 16 பாகை செல்சியஸில் பருகவேண்டிய இவ்வைனை நம் ஊர் வெயிலில் அப்படியே ஊற்றினால் மதுசாரத்தின் எரிவு மட்டுமே மிஞ்சும். அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுப்பது அவசியம்.

சிவப்பு வைன் என்றதும் உறைப்பான ஆட்டிறைச்சிக் கறியைத்தான் பலரும் மேசையில் வைப்பார்கள். அது பொருந்தவில்லை. மிளகாயின் எரிவை மதுசாரம் கூட்டிவிடுவதுடன், துவர்ப்பும் கசப்பாக மாறி, வைனின் நுட்பமான வாசனைகள் அனைத்தும் காணாமற்போகின்றன. உலர்த்திய பனங்கிழங்கின் வாசனை கொண்ட ஒடியல் கூழ் இணங்கும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. கூழிலுள்ள மீனும் நண்டும் சிவப்பு வைனிலுள்ள இரும்புச்சத்தோடு சேரும்போது நாக்கில் உலோகச் சுவையும் மீன்வெடிலும் தங்கிவிடுகின்றன.

உண்மையில் பொருந்தியது, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாக வைக்கும் சரக்குக் கறியின் முறையில் சமைத்த ஆட்டிறைச்சி. (இப்பொருத்தத்தைக் கேட்டால் எங்கள் அம்மம்மா என்ன சொல்லியிருப்பார் என்பதை எழுதாமல் விடுகிறேன்.) வறுத்தரைத்த மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், நிறைய உள்ளி ஆகியவற்றோடு மிளகாயை மட்டுப்படுத்திச் சமைத்த அக்கறியில், வறுத்த மல்லியின் கருகல் மணம் வைனின் மண்வாசனையோடு ஒன்றிப்போகிறது; இறைச்சியின் கொழுப்பை வைனின் புளிப்பு அறுத்துவிடுவதால் அடுத்த கவளம் திகட்டுவதில்லை. சோற்றைவிடப் புட்டே இதற்கு நல்ல துணை, ஏனெனில் அதிலுள்ள தேங்காய்ப்பூ துவர்ப்பை மேலும் தணிக்கிறது.

சைவ உணவில் கத்தரிக்காய்ப் பால்கறி ஓரளவுக்குச் சரிவரும். புளி விட்டதைத் தவிர்க்கலாம். மிஞ்சிய வைனை மூடிக் குளிரில் வைத்தால் மறுநாளும் கெடாது. அதைத் தேங்காய்ச் சொட்டும் புழுக்கொடியலும் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு) கடித்துக்கொண்டு பருகுவது, விலைகூடிய பாற்கட்டிகளைத் தேடி அலைவதைவிட மேலானது.