வெள்ளைச் சாக்கில் வந்த மணலை நம்பி 740 ரிங்கிட்டை இழந்தேன்

இன்று காலை ஆறாவது டிஸ்கஸ் மீனும் செத்து மிதந்தது. அதைப் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். சுங்கை சிப்புட், செமோர் வட்டாரத்தில் வண்ண மீன் வளர்க்கும் நம்மவர்கள் வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது.

நான்கடித் தொட்டிக்கு அடிமணல் வாங்க மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு வண்ண மீன் கடைக்குப் போனேன். நான் கேட்டது தண்ணீரின் தன்மையை மாற்றாத குவார்ட்ஸ் மணல். டிஸ்கஸ் அமேசான் ஆற்று மீன். கடினமில்லாத, சற்றே அமிலத் தன்மையுள்ள தண்ணீர்தான் அதற்கு ஒத்துவரும். கூடவே விடவிருந்த கோரிடோரஸ் மீன்கள் மீசையால் மணலைத் துழாவித் தின்பவை என்பதால் மணல் கூர்மையின்றி இருக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் பின்கட்டிலிருந்து பெயரோ முத்திரையோ இல்லாத வெள்ளைச் சாக்கைக் கொண்டுவந்து, ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். "என் வீட்டுத் தொட்டியிலயும் இதுதான் கிடக்குது. உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே லயத்துல இருந்தவங்க, உங்களுக்குப் போய்த் தப்பான சாமான் குடுப்பேனா, தம்பி?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் எதையும் சோதிக்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை. தோட்டத்து உறவைச் சொல்லி ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

15 கிலோ சாக்கு மூன்று, 180 ரிங்கிட். ஒரு வாரம் கழித்து அவரிடமே வாங்கிய ஆறு டிஸ்கஸ் 420, பத்து கோரிடோரஸ் 80. பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த வடிகட்டியைத்தான் மாற்றிப் பொருத்தியிருந்தேன். மீன் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் ஏற்கெனவே வளர்ந்திருந்தன. ஆகவே, புதுத் தொட்டியில் மீன் விட்டதுதான் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காம் நாள் டிஸ்கஸ்கள் கறுத்து, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. தொலைபேசியில் அழைத்தேன், "புது இடம்னா அப்படித்தான், பழகிடும்" என்றார். மறுநாள் நேரில் போனபோது குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லி, பிஎச் அளவை (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) குறைக்கும் திரவம் ஒரு புட்டியை 60 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார். ஊற்றினால் மாலையில் அளவு இறங்கும். விடிவதற்குள் மறுபடி 8.2க்கு ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில் இரண்டு மீன்கள் போயின. குழாய்த் தண்ணீரைத் தனியாகச் சோதித்தபோது 7தான் காட்டியது.

அப்போதுதான் மிச்சமிருந்த மணலில் ஒரு தேக்கரண்டியை வெள்ளைத் தட்டில் வைத்து வினிகர் ஊற்றினேன். கல்லுக்குக் கல் குமிழி கிளம்பியது. காதை அருகே கொண்டுபோனால் சோடா புட்டியைத் திறந்தது போன்ற சீறல் கேட்டது. குவார்ட்ஸ் வினிகரில் நுரைக்காது. எனக்கு விற்கப்பட்டது உடைத்த சுண்ணாம்புக்கல் அல்லது சலவைக்கல் பொடி. ஈப்போ செல்லும் வழியெங்கும் குன்று குன்றாக நிற்கும் அதே வகைக் கல். அது மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கி, பிஎச் அளவை ஏற்றுகிறது. பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. கோரிடோரஸ்களின் மீசைகளோ கல்லின் கூர்முனையில் தேய்ந்து, வெறும் முளைகளாக நின்றன. ஏழு நாட்களுக்குள் அவையும் முடிந்தன.

தட்டையும் வினிகரையும் கடைக்கே எடுத்துச் சென்று காட்டினேன். "வினிகர் பட்டா எந்தக் கல்லும் நுரைக்கும்" என்றார். பிரித்த சாக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். பிறகு வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். வாட்சாப்பில் அனுப்பிய ஐந்து செய்திகளையும் படித்துவிட்டு ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. 740 ரிங்கிட் போனது போனதுதான் என்று நினைக்கிறார் போலும். நான் அப்படி விடப் போவதில்லை. வங்கியில் பணம் செலுத்திய பதிவு என்னிடம் இருக்கிறது, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. பெயர் அச்சிடாத சாக்கை வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். ரசீது இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள், விற்பவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி. நான்கடித் தொட்டியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 40 கிலோ வரை போதும். மிச்சமான கால் சாக்கு என் வீட்டு வாசலில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து வினிகர் ஊற்றிப் பார்க்கலாம்.